ரெண்டு சொல்ல ஓர் ஆள்

கிட்ட வாருங்கள் மக்களே. கதவோரம் நிற்பவர்களும் உள்ளே வந்து உட்காருங்கள். மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், என் குரல் அதற்கு மேலே எழும்பாது. இன்றைக்கு ஒரு கதை சொல்லப்போகிறேன். அதில் பேய் இல்லை, கொலை இல்லை. ஆனாலும் கேட்டு முடிக்கும்போது நெஞ்சில் கை வைத்துக்கொள்வீர்கள். அந்தக் கையாலேயே உங்கள் வீட்டில் யாராவது ஒருவரைத் தொட்டு இரண்டு வார்த்தை பேசினால், கதை சொன்ன பலன் எனக்குக் கிடைத்துவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி ஓர் இல்லம் இருக்கிறது. அறிவுசார் மாற்றுத்திறனாளிகள் என்று இப்போது மரியாதையாகச் சொல்கிறோம் அல்லவா, அப்படிப்பட்டவர்கள் முப்பத்தெட்டுப் பேர் அங்கே இருக்கிறார்கள். அதில் பாதிப் பேரைப் பார்க்க யாரும் வருவதில்லை.

காலை ஒன்பது மணி. மொட்டைமாடிக் கொடியில் போர்வைகள் காய்ந்து விறைத்துக் கிடந்தன. ராணி ஒரு போர்வையின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபக்கம் பிடிக்க ஆள் வரவேண்டும். அதுவரைக்கும் வெயிலானாலும் சரி, மழையானாலும் சரி, அப்படியே நிற்பாள்.

ராணிக்கு ஐம்பது வயதை நெருங்கியிருக்கும். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். பேன் விழுகிறது என்று அங்கே ஆண் பெண் எல்லாருக்கும் ஒரே வெட்டுத்தான். சமையல்காரி ஹாஜரா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறி வந்து மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் போர்வையை உதறினார்கள். ஓரத்தோடு ஓரம் சேர்த்தார்கள். ராணி எதிரே நடந்து வந்து தன் முனைகளை ஹாஜராவின் கையில் கொடுத்தாள்.

"ஒண்ணு" என்றாள்.

சொல்லிவிட்டு, ஹாஜராவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா தாயி, ஒண்ணுதான். அடுத்ததை எடு. உலையில அரிசி கெடக்கு, குழைஞ்சிரும்."

அடுத்த போர்வைக்கும் "ஒண்ணு"தான். அதற்கு அடுத்ததற்கும் "ஒண்ணு"தான். பதினேழு போர்வைக்கும் ராணி "ஒண்ணு" சொன்னாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் எதிரே நின்றவளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

அலுவலகத்தில் ராணியின் கோப்பு ஒன்று உண்டு. அதில் இப்படி எழுதியிருந்தது: பெயர் ராணி, இல்லத்தில் வைத்தது. ஊர் தெரியாது. உறவினர் இல்லை. பேச்சு ஒன்றிரண்டு சொல். எண்ணத் தெரியாது, ஒன்றுக்கு மேல் சொல்வதில்லை.

அந்த இல்லத்தில் கழித்த முப்பத்து மூன்று வருஷத்து வாழ்க்கை இவ்வளவுதான் மக்களே. ஒரு ரேஷன் கார்டில்கூட இதைவிட அதிகம் எழுதியிருப்பார்கள்.

அந்த வருஷம் வைகாசியில் பியூலா என்று ஒரு பெண் அங்கே ஆசிரியை வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த மறுநாளே முப்பத்தெட்டுக் கோடு போடாத நோட்டு வாங்கி வந்தாள். ஒவ்வொன்றின் அட்டையிலும் ஒருவர் பெயரை எழுதி, அதன் கீழே "என் கதை" என்று எழுதினாள். இல்லத்தின் மேலாளர் சமுத்திரம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. பதினான்கு வருஷமாக முப்பத்தெட்டுப் பேருக்கு மூன்று வேளை சோறும் மருந்தும் தவறாமல் கொடுத்து வந்தவர்.

"இவுகளுக்கு என்னத்தக் கதை டீச்சர்? காலையில இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி உப்புமா. எழுதிப் பாருங்க, ஒரு பக்கம் தேறாது."

"ஒரு வருஷம் உங்களை யாரும் ஒரு கேள்வி கேக்காம விட்டுட்டா, உங்க கதையும் ஒரு பக்கத்துல முடிஞ்சிரும் சார்" என்றாள் பியூலா.

"இந்தா, வந்த மறுநாளே மேலாளருக்குப் பாடம் நடத்துதாக பாரு" என்று ஹாஜராவிடம் சொல்லிச் சிரித்தார் அவர்.

பியூலா செய்த வேலை எளிமையானது. தினமும் ஒரு துணிப்பையில் ஏதாவது ஒரு பொருளைக் கொண்டுவருவாள். பம்பரம், புளியங்கொட்டை, பழைய பஸ் டிக்கெட், மல்லிகைச் சரம், சப்பட்டை மாம்பழம் என்று எதுவாகவும் இருக்கும். அதை ஒருவர் கையில் வைப்பாள். "ஞாபகம் இருக்கா?" என்று கேட்கமாட்டாள். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பாள். அரைமணி நேரமானாலும் உட்கார்ந்திருப்பாள். எந்தப் பொருள் யாருக்குள் எந்தக் கதவைத் திறக்கும் என்று நமக்கா தெரியும்? திறந்ததும் அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே நோட்டில் எழுதுவாள்.

ஆல்வின் என்று ஒருத்தன், முப்பது வயது. எந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் கையைத் தூக்கி "உள்ளேன்" என்பான். பள்ளிக்கூடத்தில் நான்கு மாதம் உட்கார்ந்திருந்தபோது கற்றுக்கொண்டது. ஓர் ஆட்டோ ஹாரனை அவன் கையில் வைத்ததும் அவன் அப்பாவின் ஆட்டோ, அதில் தொங்கிய சிலுவை, மகாராஜபுரத்துச் சித்தி வீடு, அவள் வைக்கும் கருவாட்டுக் குழம்பு என்று பதினோரு பக்கம் வந்தது. சமுத்திரம் அதைப் படித்துவிட்டு, "இந்தப் பய இம்புட்டுப் பேசுவானா?" என்று வாயைப் பிளந்தார். பியூலா அந்தச் சித்திக்கு ஃபோன் போட்டாள். சித்தி கருவாட்டுக் குழம்போடு வந்தாள்.

ராணியின் நோட்டில் மட்டும் ஐந்து வாரமாக ஒரு எழுத்தும் ஏறவில்லை. பம்பரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மாம்பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கழுவிக் கொடுத்தாள். அவ்வளவுதான்.

ஆனி மாதக் கடைசியில் பியூலா ராஜபாளையத்துப் பக்கமிருந்து ஒரு துணி கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற, காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி. கொசுவலைபோல இழை இழையாக, வெள்ளையாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தறிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர். அவரிடம் நான்கு மீட்டர் கேட்டு வாங்கியிருந்தாள்.

ராணி அதைக் கையில் வாங்கினாள். முகர்ந்து பார்த்தாள். கன்னத்தில் வைத்துத் தேய்த்தாள். விரல்கள் தாமாகவே ஓரத்தைத் தேடிப் பிடித்தன. பின்பு, மக்களே, எதிரே ஆளே இல்லாத இடத்தைப் பார்த்து அதட்டலாகச் சொன்னாள்:

"தவசு, கெட்டியாப் பிடி. கீழ விட்றாத. அழுக்கானா அப்பா வையும்."

காய் நறுக்கிக்கொண்டிருந்த ஹாஜராவின் கை அப்படியே நின்றது. பதினெட்டு வருஷமாக அவள் அங்கே சமைக்கிறாள். ராணி இத்தனை சொல் சேர்ந்தாற்போலப் பேசி அவள் கேட்டதே இல்லை.

பியூலா மெதுவாகக் கேட்டாள். "தவசு யாரு?"

"தம்பி."

"அப்பா எங்க?"

ராணி சாதாரணமாக, கடைக்குப் போனவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். "பால்கோவா வாங்கப் போயிருக்கு. இங்கனயே இருன்னுச்சு. எந்திரிக்கக் கூடாது."

"யா அல்லா!" என்று ஹாஜரா வாயைப் பொத்திக்கொண்டாள். "அதான் இவ பால்கோவாவைத் தொட மாட்டேங்காளா? ஆடி மாசம் ஒரு அன்னதானம் வரும்மா, அதுல ஆளுக்கொரு பொட்டலம் பால்கோவா குடுப்பாக. இவ பிரிக்கவே மாட்டா. 'அப்பா வாங்கிட்டு வரும்'னு என் கையில திணிச்சிட்டுப் போயிருவா. எனக்கென்ன தெரியும்? இனிப்புப் பிடிக்காது போலன்னு நான் வீட்டுக்குக் கொண்டுபோயி எம் பேத்திக்குக் குடுத்துருவேன்."

"உன் பேரு என்னக்கா?" என்று பியூலா ராணியைக் கேட்டாள்.

"ராணி."

"அதுக்கு முன்னாடி? தவசு உன்னை எப்படிக் கூப்பிடுவான்?"

ராணி இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு விரலை உதட்டின்மேல் வைத்துக்கொண்டாள். "அப்பா சொல்லக் கூடாதுன்னுச்சு."

அன்று மதியம் பியூலா அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய பதிவேட்டை எடுத்தாள். கரையான் தின்று மிச்சம் வைத்த பக்கத்தில் இரண்டு வரி இருந்தது. ஆடித் தேரோட்டத்துக்கு மறுநாள் பஸ் நிலையத்தில் தனியாக இருந்த பெண், வயது சுமார் பதினாறு. இருக்கையை விட்டு எழ மறுத்ததால் நான்கு பேர் தூக்கிவந்தார்கள்.

அந்த "எழ மறுத்ததால்" என்ற சொல்லை அன்றைக்கு எழுதியவர், பிடிவாதம் என்று நினைத்து எழுதியிருப்பார். பியூலாவுக்கு இப்போது புரிந்தது. அப்பா சொன்ன இடத்தை விட்டு எழாத ஒரு குழந்தையைப் பிடித்துத் தூக்கி வந்திருக்கிறார்கள்.

நோட்டின் முதல் பக்கத்தில் அவள் இரண்டு வரி எழுதினாள். "எனக்குத் தவசு என்று ஒரு தம்பி. அப்பா பால்கோவா வாங்கப் போயிருக்கிறார்." அதற்கு மேலே படம் ஒட்டுவதற்கு ஒரு கட்டம் போட்டாள். அந்தக் கட்டத்தில் ஒட்ட ராணியின் சின்ன வயதுப் படம் இந்த உலகத்தில் எங்காவது இருக்குமா? அவளுக்கென்று ஒரு பெயர், ஒரு வீடு, ஒரு சொந்தம் கிடைக்குமா? அதுதான் பியூலாவை அரித்தது.

படம் தானாகவே நடந்து வந்தது.

ஆடித் தேர் முடிந்து மூன்றாம் நாள். காலை பதினொரு மணிக்கு ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. சாம்பார், கூட்டு, வடை, பாயசம், ஒரு பெட்டி நிறையப் பால்கோவா. கூடவே நாற்பது வயது தாண்டிய ஒருவர், வெள்ளைச் சட்டை. ராஜபாளையத்தில் சின்னதாகத் தறிக்கூடம் வைத்திருப்பவர். வருஷம் தவறாமல் வருகிறவர். சமுத்திரம் ஓடிப்போய், "வாங்க அண்ணாச்சி" என்று கையைப் பிடித்தார்.

இப்படி அன்னதானம் செய்கிறவர்கள் வந்தால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரின் படத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து மாலை போடுவார்கள். கரும்பலகையில் பெயரை எழுதுவார்கள். மேலாளர் பெயரை வாசிப்பார். எல்லாரும் கைகூப்பி, "ஆத்மா சாந்தியடையட்டும்" என்று சொல்வார்கள். சொன்ன பிறகுதான் சோறு.

அன்றைக்கும் படம் வந்தது. ஸ்டுடியோவில் எடுத்த படம். இரட்டைப் பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு, பல் தெரியச் சிரிக்கும் ஒரு சிறு பெண். சாமந்தி மாலை, நெற்றிப்பக்கம் குங்குமம். முப்பத்தெட்டுப் பேரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். சமுத்திரம் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"அமரர் பாண்டிசெல்வி அவர்களின் நினைவாக..."

"உள்ளேன்!" என்று ஆல்வின் கையைத் தூக்கினான்.

ராணியும் கையைத் தூக்கினாள்.

"ஏலே ஆல்வின், கையக் கீழ போடு. ராணி, நீயும்தான். சும்மா இரு தாயி, சாமி கும்பிடு."

ராணி கையைக் கீழே போட்டாள். பிறகு எல்லாரோடும் சேர்ந்து கைகூப்பி, உதட்டை அசைத்து, "சாந்தி" என்றாள்.

பியூலா சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக ஹாஜராவிடம் போனாள். "ராணிக்கா மத்த அன்னதானத்துலயும் கை தூக்குமா?"

"இல்லையே. இந்த ஒண்ணுக்கு மட்டுந்தான். வருஷா வருஷம் தூக்கும். பாயசம் கூடக் கேக்குதாக்கும்னு நெனச்சு நானும் ரெண்டு கரண்டி ஊத்திருவேன்."

பியூலா கரும்பலகையைப் பார்த்தாள். பாண்டிசெல்வி. மறைந்த ஆண்டு, முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன், ஆடி மாதம். கீழே, உபயம்: தவசிமுத்து, ராஜபாளையம்.

தவசிமுத்து. தவசு.

நாற்காலியில் இருந்த படத்தைப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் ஒட்ட வெட்டிய தலையோடு சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த ராணியைப் பார்த்தாள். கத்தவேண்டும்போல இருந்தது. ஆனால் கத்தி என்ன சொல்வது? தப்பாக இருந்துவிட்டால்? ஒரு மனிதருடைய செத்துப்போன அக்காளைப் பற்றி விளையாடியதாகிவிடாதா?

சாப்பாடு முடிந்து, பால்கோவாப் பொட்டலம் கொடுக்கிற நேரம். பியூலா அந்த நான்கு மீட்டர் துணியை எடுத்து ராணியின் கையில் கொடுத்தாள். ராணி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வழக்கம்போல ஆளுக்காக நின்றாள்.

"அண்ணாச்சி, செத்த நேரம் வாரீகளா? இந்த அக்கா தனியா மடிக்க மாட்டாக. அந்த முனையைப் பிடிங்க."

தவசிமுத்து பொட்டலங்களைக் கீழே வைத்துவிட்டு வந்தார். துணியைத் தொட்டதும் சிரித்தார். "நம்ம சரக்கால்ல இருக்கு இது! சின்னப் பிள்ளையில வீட்டுல கட்டுக் கட்டா வந்து கெடக்கும். மடிச்சு மடிச்சு என் கை தேஞ்சு போச்சு."

உதறினார்கள். ஓரத்தோடு ஓரம் சேர்த்தார்கள். ராணி எதிரே நடந்து வந்து அவர் கையில் முனைகளைக் கொடுத்தாள்.

"ஒண்ணு" என்றாள். முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு" என்றார் தவசிமுத்து.

யோசித்துச் சொல்லவில்லை. நாக்கு தானாகச் சொன்னது. ராணியின் முகம் விளக்குப் போட்டதுபோல ஆனது. ஒரு அடி முன்னால் வந்து, அவருடைய நெற்றியில் தன் நெற்றியால் டக்கென்று ஒரு முட்டு முட்டினாள்.

தவசிமுத்துவின் கையிலிருந்து துணி நழுவியது.

அந்த முட்டு அவருக்குத் தெரியும். ஒன்பது வயதில், பள்ளிக்கூடம் விட்டு வந்து, வீட்டுக் கூடத்தில் அக்காவோடு துணி மடித்த நாள்களில், அவளுக்கு எண்ண வராது என்று அவர்கள் இருவரும் செய்துகொண்ட ஏற்பாடு அது. ஒன்று அவள் சொல்வாள், இரண்டு அவன் சொல்வான். இரண்டு சொன்னால் ஒரு முட்டு. இது அவர்கள் இருவரைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது.

"தவசு, கீழ விட்டுட்டியே. அப்பா வையும்" என்றாள் அவள், குனிந்து துணியை எடுத்தபடி.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இது... இவுக யாரு?" என்றார். "சார், இவுக யாரு சார்?"

பியூலா பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினாள். நோட்டின் முதல் பக்கத்தைக் காட்டினாள். தவசு. பால்கோவா. இங்கனயே இரு.

"எங்கக்கா செத்துப்போச்சு" என்றார் அவர் பிடிவாதமாக, குழந்தை மாதிரி. "அப்பா தேர் பாக்கக் கூட்டிட்டுப் போச்சு. மூணாம் நாள் தனியா வந்துச்சு. வாந்திபேதி, மதுரைக்குக் கொண்டுபோயும் காப்பாத்த முடியல, அங்கனயே எரிச்சிட்டேன்னு சொல்லுச்சு. எங்கம்மா அழுது அழுதே ரெண்டு வருஷத்துல போயிட்டா. நான் மொட்டை போட்டேன் சார். எங்க வீட்டுச் சுவத்துல இந்தப் படம் முப்பத்தி மூணு வருஷமாத் தொங்குது."

அக்காவைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். முன்பற்களுக்கு நடுவே அதே இடைவெளி.

"ஆறு வருஷமா நான் இவ எலையில சோறு போட்டுருக்கேன். இவ எலையில! இவ செத்ததுக்கு இவளையே கும்பிடச் சொல்லி..."

வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தார்.

ஹாஜரா தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர் ஒன்று கேட்டார். "அதுக்கு முன்னாடி எங்கப்பா பேச்சிமுத்துதானே வந்தாரு? அவரு இவளைப் பாத்திருப்பாரே?"

சமுத்திரம் சன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். "அவிய உள்ள வரவே மாட்டாக அண்ணாச்சி. சாப்பாட்டை அனுப்பிட்டு, அந்த வேப்பமரத்தடியில நிப்பாக. சன்னல் வழியாப் பாத்துட்டே நிப்பாக. உள்ள வாங்கன்னா, செருப்புக் கழத்த முடியல, காலுல புண்ணும்பாக. கண்ணுல தூசின்னு தொடைச்சுக்குவாக. பிள்ளையை நெனச்சு அழுதாரு, பாவம்னு நான் நெனச்சேன்."

"சாகும்போது என் கையைப் பிடிச்சு ரெண்டே ரெண்டு சொன்னாரு" என்றார் தவசிமுத்து. "அந்த அன்னதானத்தை நிறுத்தாத, அந்த இல்லத்துலதான் குடுக்கணும். சோத்தோட பால்கோவா கண்டிப்பா வைக்கணும். அக்காவுக்குப் பிடிக்கும், அதான் சொல்லுதாருன்னு நெனச்சேன்."

பார்த்தீர்களா மக்களே. வாங்கப் போன பால்கோவாவை அந்த மனிதர் வருஷம் தவறாமல் கொண்டுவந்திருக்கிறார். கையில் கொடுக்கிற தைரியம் மட்டும் வரவில்லை. அவளோ அப்பா கொண்டுவரும் என்று சொல்லி, அப்பா கொண்டுவந்ததையே தொடாமல் கொடுத்துவிட்டிருக்கிறாள்.

தவசிமுத்து ஃபோனை எடுத்து மூத்த அக்காள் முத்தாத்தாளைக் கூப்பிட்டார். தேவதானத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஃபோன் ஒலிபெருக்கியில் இருந்தது, அவர் கவனிக்கவில்லை.

"அக்கா, செல்வி உயிரோட இருக்கா."

அந்தப் பக்கத்திலிருந்து, தாழ்ந்த குரலில், "யாருலே உன்கிட்டச் சொன்னது?"

என்னது என்று கேட்கவில்லை. எங்கே என்று கேட்கவில்லை. யார் சொன்னது என்று கேட்டாள்.

"அக்கா... உனக்குத் தெரியுமா?"

"மெதுவாப் பேசு. மருமகன் வந்திருக்காரு." அவள் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "எங் கல்யாணத்துக்காகத்தாம்லே அப்பா அப்படிச் செஞ்சாரு. வீட்டுல இப்படி ஒண்ணு இருக்கே, நாளைக்கு ஒம் பொண்ணு வயித்துலயும் இதே மாதிரி பொறந்தா என்ன செய்யன்னு மாப்பிள்ள வீட்டுல கேட்டுட்டாக. கல்யாணமாகி ஆறாம் மாசம் எங்கிட்டச் சொல்லி அழுதாரு. நான் என்னத்தச் செய்ய? சொன்னா வாழாவெட்டியா வந்து நிக்கணும்."

"முப்பத்தி மூணு வருஷம் அக்கா."

"இப்ப மட்டும் சொல்லி என்ன ஆகப்போகுது? ஒம் மகளுக்கு அடுத்த மாசம் நிச்சயம். அதை யோசிச்சுக்கோ. அவ அங்கன நல்லாத்தான இருக்கா? சோறு போடுதாகல்ல? நீ வருஷா வருஷம் போய்ப் பாத்துக்கோ. படம் சுவத்துலயே இருக்கட்டும்."

ஃபோன் அணைந்தது.

உங்களிடம் ஒளிக்கமாட்டேன். அந்த நேரத்தில் தவசிமுத்துவின் மனசும் ஆடத்தான் செய்தது. மாப்பிள்ளை வீட்டாரின் முகங்கள் வந்து போயின. பத்திரிகை அச்சுக்குக் கொடுத்தாகிவிட்டது. செத்தவள் எப்படி வந்தாள் என்று தெருவே கேட்கும். ஒரே ஒரு வருஷம் தள்ளிப் போட்டால் என்ன? மகள் புருஷன் வீட்டுக்குப் போன பிறகு... அப்பாவும் இப்படித்தானே நினைத்திருப்பார்? மூத்தவள் புருஷன் வீட்டுக்குப் போகட்டும், பிறகு கூட்டிவந்துவிடலாம் என்று?

அந்தப் "பிறகு" வராமலே அவர் செத்துப்போனார்.

கரும்பலகைக்கு முன்னால் ஆல்வின் நின்றுகொண்டிருந்தான். "சார், ராணியக்கா சாகலையா?"

"இல்லப்பா" என்றார் சமுத்திரம்.

"அப்போ அடுத்த வருஷம் வடை கிடையாதா?"

சமுத்திரம் கரும்பலகைக்குப் போனார். "அமரர்" என்பதையும் "நினைவாக" என்பதையும் வெறும் உள்ளங்கையால் அழித்தார். பாண்டிசெல்வி என்ற பெயர் மட்டும் நின்றது. அழித்த கையைப் பார்த்தபடியே சொன்னார்:

"பதினாலு வருஷம் நான் பேரை வாசிச்சிருக்கேன். பதினாலு தடவை இந்தத் தாயி கையத் தூக்கியிருக்கு. நான் இங்கதான் இருக்கேன்னு இதுக்கு மேல எப்படிச் சொல்லுவா? சும்மா இரு, சும்மா இருன்னு அடக்கிட்டேன். பேச வராதுன்னு கோப்புல எழுதி வச்சிருக்கோம். கேக்க வராத எங்களைப் பத்தி எந்தக் கோப்புலயும் எழுதல."

தவசிமுத்து எழுந்தார். நாற்காலியில் இருந்த படத்திலிருந்து மாலையைக் கழற்றினார். கண்ணாடியின் மேலிருந்த குங்குமத்தைத் தன் வெள்ளைச் சட்டையின் கையாலேயே துடைத்தார். சிவப்புக் கறை சட்டையில் ஏறியது. சட்டத்திலிருந்து படத்தைப் பிரித்தெடுத்துப் பியூலாவிடம் கொடுத்தார்.

"ஒட்டிக்கோங்க டீச்சர். எங்க சுவத்துல இனிமே இதுக்கு வேலை இல்ல." பிறகு, தனக்கே சொல்வதுபோலச் சொன்னார். "எம் மக நிச்சயத்துக்கு முதல் பந்தியில முதல் எல எங்கக்காவுக்கு. இவ இருக்கான்னு மாப்பிள்ள வீட்டுல இன்னைக்கே போயிச் சொல்லிருதேன். பிடிக்காதவுக எந்திரிச்சுப் போகட்டும். ஒரு பிள்ளையைச் சாகடிச்சு இன்னொரு பிள்ளைக்கு நடத்துற கல்யாணம் எங்க வீட்டுல ஒண்ணே போதும்."

ஒரு பால்கோவாப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அக்காவின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"செல்வி அக்கா, இந்தா."

அவள் தலையை ஆட்டினாள். "அப்பா வாங்கிட்டு வரும்."

"அப்பா வாங்கிருச்சு அக்கா. வர முடியல. எங்கிட்டக் குடுத்து விட்டுச்சு. செல்விகிட்டக் குடுத்துரு, எந்திரிச்சு வீட்டுக்கு வரச் சொல்லுன்னுச்சு."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பொட்டலத்தைப் பார்த்தாள். "எந்திரிக்கலாமா?"

"எந்திரிக்கலாம்."

பாண்டிசெல்வி ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். மிச்சத்தை நடுவில் பிட்டு, ஒரு பாதியைத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஒண்ணு" என்றாள்.

"ரெண்டு" என்று சொல்ல, அழுகையில் அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குப் பழக்கம்.

கதை முடிந்தது மக்களே. முடிவாக ஒன்று சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அறிவு குறைவாகப் பிறந்தவருக்கும் நம்மைப்போலவே ஒரு கதை இருக்கிறது. அவர் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார், மடிப்பில், முணுமுணுப்பில், தூக்கிய கையில். பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது நம் கடமை. ஊர் என்ன சொல்லும் என்று அப்படி ஒரு பிள்ளையை மறைக்கிறவர், உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு மாலை போடுகிறார். அந்தப் பாவத்தைச் செய்யாதீர்கள், செய்கிறவரைப் பார்த்துச் சும்மாவும் இருக்காதீர்கள்.

சரி, எழுந்திருங்கள், நேரமாகிவிட்டது. உங்கள் வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரையும் தினமும் ஒரு தடவையாவது பெயர் சொல்லி அன்பாகக் கூப்பிட ஆள் இருக்கட்டும். உயிரோடு இருப்பவர் படத்தில் பூ ஏறாதிருக்கட்டும். உங்கள் வீட்டுப் பந்தியில் எவர் இலையும் மறக்கப்படாதிருக்கட்டும். உங்களில் யார் "ஒண்ணு" என்று சொன்னாலும், "ரெண்டு" சொல்ல எதிரே ஓர் ஆள் எப்போதும் இருக்கட்டும். நல்லா இருங்கள் என் செல்வங்களே.